எடுக்க மறந்த லூப்

காரைக்குடி வட்டாரத்தில் ஆபீஸ்களுக்கு நெட் கனெக்‌ஷன் பார்த்துக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் காலையில் புதுவயல் அரிசி ஆலை ஒன்றிலிருந்து போன். நெட் இல்லை, பில் போட முடியாமல் லோடு ஏற்றிய லாரிகள் வாசலில் நிற்கின்றனவாம்.

போய் ரவுட்டரைப் பார்த்தேன். அதன்மேல் பொட்டுத் தூசி இல்லை. "இங்க யாரு கூட்டுனது? வயரை ஆட்டி விட்டிருக்காங்க" என்றேன். யோசிக்காமல் வந்த வார்த்தை. மேனேஜர், கூட்டிப் பெருக்குகிற செல்வி அக்காவை எல்லார் முன்னாலும் திட்டி, "நாளைலேருந்து வராத" என்று அனுப்பிவிட்டார்.

அப்புறம்தான் லேப்டாப்பை மாட்டி ஒவ்வொரு போர்ட்டாகப் பார்த்தேன். மெயின் போர்ட் 'லூப்பேக்'கில் கிடந்தது. அனுப்புவதெல்லாம் வெளியே போகாமல் தனக்கே திரும்பி வரும்படி வைத்துச் சோதிக்கிற கட்டளை அது. முந்தின நாள் இங்கே வந்திருந்தபோது, ஆபீஸ் மூடுகிற நேரத்தில் சோதனைக்கு நானே போட்டது. எடுக்க மறந்திருக்கிறேன்.

அதை எடுக்க லேப்டாப்பில் ஒரு வரி அடித்தேன். நெட் வந்தது. மேனேஜர் எனக்கு டீ சொன்னார். அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கேட்டருகே டிபன் பாக்ஸோடு நின்ற அக்காவிடம் ஓடினேன். "தப்பு என்னுதுக்கா, மன்னிச்சிருங்க."

"வந்து சொன்னீகளே, அதுவே பெருசு தம்பி. ஆனா நான் திட்டு வாங்குனது உள்ள. அங்குட்டு வந்து சொல்லுவீகளா?"

எல்லார் முன்னாலும் சொன்னேன். அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

அடுத்த மாதம் போனபோது ஆபீஸ் பளிச்சென்று இருந்தது. ரவுட்டர்மேல் மட்டும் தூசி படிந்து கிடந்தது. அதை நானே துடைத்தேன்.