அத்தை அடித்த காற்று

கல்யாணமாகிப் பல வருஷம் கழிந்தும், ஜீப்புக்காரரின் தொழில் மாமியார் வாயில் நுழையவே இல்லை. யாராவது கேட்டால், "மாப்பிள்ளை ஏதோ வண்டியில போறார்" என்பார் அந்த அம்மா, டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிற ஆளைச் சொல்வதுபோல. கடலோரச் சரணாலயத்துக்குப் போகிற மணல்பாதையில் சிக்காமல் ஓட்ட அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆளில்லை. மனைவி இதை எடுத்துச் சொல்லியும் எடுபடவில்லை. பொறுத்துப் பார்த்த மனுஷர், ஒருநாள் மாமியாரையே முன்சீட்டில் ஏற்றிவிட்டார். இன்றைக்கு அந்த வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்காமல் திரும்புவதில்லை என்று முடிவு.

தார்ரோடு முடிகிற இடத்தில் மாமியார் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஜீப்புக்காரர் ஓசைப்படாமல் இறங்கி, நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். டயர் தொளதொளவென்று பரந்து கிடந்தால்தான் மணல் வண்டியை விழுங்காது. பிறகு, பாதையில் கடல்தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க முன்னால் வெகுதூரம் நடந்து போனார்.

திரும்பி வந்தால், மாமியார் வியர்வையில் குளித்து நிற்கிறார். கையில் பம்பு. நான்கு டயரும் கல் மாதிரி.

"எந்தப் படுபாவியோ காத்தைப் பிடுங்கி விட்டுட்டான் மாப்பிள்ளை. நீங்க கவனிக்கல போல. நான் அடிச்சு வச்சிருக்கேன்."

ஜீப்புக்காரர் டயரைத் தொட்டுப் பார்த்தார். இந்த வயதில் மூச்சு வாங்க வாங்கக் காற்றடித்த மனுஷியிடம் எப்படிச் சொல்வது? முகம் வாடிப்போகுமே.

"நல்லவேளை, நீங்க இருந்தீங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, தெரிந்தே மணலில் விட்டார். சரணாலயத்து கேட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி அச்சுவரை புதைந்து உட்கார்ந்துகொண்டது.

மண்வெட்டியோடு வந்த வாட்ச்மேன் டயரைத் தட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்யா, காத்தை இறக்காமலா மணல்ல விட்டே? நேத்து லைசென்ஸ் வாங்கினவன்கூட இப்படிப் பண்ண மாட்டானே."

மாமியார் சட்டென்று நிமிர்ந்தார்.

"மறந்துட்டேன்" என்றார் ஜீப்புக்காரர், மணலைப் பார்த்தபடி. வருகிற மாதிரி இருந்த நல்ல வார்த்தையும் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது.

வாட்ச்மேன் குச்சியால் வால்வை அழுத்த, அத்தை பாடுபட்டு அடித்த காற்றெல்லாம் புஸ்ஸென்று கடல்காற்றோடு போய்ச் சேர்ந்தது. மணலை வாரித் தள்ளியதும் வண்டி சமர்த்தாக வெளியே வந்தது. மாமியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இருவரும் உள்ளே போய்ப் பறவைகளைப் பார்த்தார்கள். என்ன பறவை என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது, தார்ரோட்டில் ஏறியதும் பம்பை எடுக்கப் போன ஜீப்புக்காரரை மாமியார் முந்திக்கொண்டார்.

"இப்ப அடிக்கலாமில்ல மாப்பிள்ளை?"

"அடிக்கலாம் அத்தை. குடுங்க, நான் அடிக்கிறேன்."

"நீங்க உக்காருங்க."

இரண்டாவது டயரில் இருக்கும்போது மகளிடமிருந்து போன் வந்தது. மாமியார் அதைத் தோளில் இடுக்கிக்கொண்டு பம்பை அமுக்கினார்.

"அப்புறம் பேசுறேன்டி, வேலையா இருக்கேன். உன் வீட்டுக்காரர்தான் டிரைவர். நான் கிளீனர்."