டீச்சரம்மாவுக்குப் பொன்னாடை

எங்கள் மாதா கோயில் பங்கு மாதர் சங்கத்துக்கு வேறு வேலையே இல்லாமல் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஓய்வுபெற்ற டீச்சரம்மாவுக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலிலேயே பாராட்டு விழாவாம். பொன்னாடையை நான் போர்த்த வேண்டுமாம். ஏனென்றால் நான் உப்பளத்துக் குடும்பத்தில் பிறந்து, படித்து, இன்றைக்குப் பாண்டியில் நர்ஸாக இருக்கிறேன். அவர் கைபட்டு ஆளானவள் நான் என்றார் சங்கத் தலைவி. கை பட்டது உண்மைதான். எப்படிப் பட்டது என்று அவர் கேட்கவில்லை.

முடியாது என்று சொன்னேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. ‘நர்ஸுன்னா என்ன கொம்பா மொளச்சிருக்குது?’ என்று ஒருத்தி முணுமுணுத்தாள். என் காதில் விழ வேண்டும் என்றேதான் முணுமுணுத்தாள். தலைவி இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. உங்கள் அம்மாவிடம் கேட்டாயிற்று, அவர் சரி சொல்லிவிட்டார் என்றார். அடுத்து, வந்தவர்களுக்குக் கேசரி கொடுப்பதா லட்டு கொடுப்பதா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேறு யார் சரி சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். அம்மாவா சொல்வது?

டீச்சரம்மா பங்குப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். கோடை விடுமுறையில் புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு அவர்தான் ஞானோபதேச வகுப்பு எடுப்பார். அதே கோடைதான் எங்களுக்கு உப்பு விளையும் காலம். வெயில் ஏறுவதற்குள் வாரியாக வேண்டும். வீட்டில் இருக்கிற எல்லாக் கையும் பாத்தியில்தான் கிடக்கும், என்னுடைய சின்னக் கை உட்பட. அதனால் பல நாள் வகுப்புக்குப் போக முடியவில்லை. ஆனால் எல்லாச் செபமும் எனக்கு மனப்பாடம். உப்பைப் பலகையால் இழுத்துக்கொண்டே அம்மா வரிக்கு வரி சொல்லுவாள், நானும் கூடவே சொல்லுவேன்.

புதுநன்மை அன்று காலை எனக்குப் புது வெள்ளைக் கவுன், தலையில் பூவளையம், கையில் மெழுகுவத்தி. கோயிலின் நடு வாசலில் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக நின்றோம். உள்ளே பீடம்வரை நடந்து போக வேண்டும், ஊரே உட்கார்ந்து பார்க்கும். பாட்டு ஆரம்பித்த நேரத்தில் டீச்சரம்மா வந்து, என் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தார். முன்னாடியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளைக்கு எல்லாச் செபமும் தெரியும், இப்பவே கேட்டுப் பாருங்கள் என்று அம்மா கெஞ்சினாள்.

“க்ளாஸுக்கு வராததுக்கெல்லாம் எதுக்குப் புதுநன்மை? இட்டுனு போ, உப்பு வாரட்டும்” என்றார் டீச்சரம்மா.

வரிசை உள்ளே போய்விட்டது. நானும் அம்மாவும் வெயிலில் நின்றோம். பிறகு உப்பு வேலை இல்லாத மழைக்காலத்தில், ஏதோ ஒரு வாரநாள் பூசையில், பள்ளிக்கூட யூனிஃபார்மோடு பக்க வாசல் வழியாகப் போய் நன்மை வாங்கினேன். பார்க்க யாரும் இல்லை, அம்மாகூட இல்லை. அவள் அன்றைக்கு ஒரு வீட்டில் கூலி வேலைக்குப் போயிருந்தாள்.

இதையெல்லாம் மறந்துவிட்டாயா என்று வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, பீரோவிலிருந்து ஒரு புதுப் புடவையை எடுத்து நீட்டினாள். வெள்ளைப் புடவை. விளிம்பில் மெல்லிசாக நீலக் கரை. இதைக் கட்டிக்கொண்டு நடு வாசல் வழியாகப் போய்ப் போர்த்திவிட்டு வா என்றாள்.

“ஒம் மாப்பிள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப எனக்கு எதுக்கு வெள்ளப் புடவ?” என்றேன்.

நான் அதைக் கட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தான் பூசைக்கே வரப்போவதில்லை என்றாள் அம்மா. காய்ச்சலில்கூடப் பூசையை விடாத மனுஷி. வயசான காலத்தில் பெரிய இடத்துக்குக் காக்கா பிடிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வாங்கி வைத்தேன்.

விழாவில் தலைவி மைக்கைப் பிடித்தார். ஏழைப் பிள்ளைகளைத் தாயாக அரவணைத்தவராம், தியாகச் சுடராம். பொன்னாடையைத் தட்டில் ஏந்தி நடு வாசலிலிருந்து நடந்தேன். அம்மா நடைபாதை ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கக்கூடப் பிடிக்காமல் நேராகப் போனேன். பீடத்துக்கு முன்னால் மெத்தை போட்ட நாற்காலியில் டீச்சரம்மா. உடம்புதான் தளர்ந்திருந்தது, கண்ணில் அதே மிடுக்கு. நான் யார் என்று கேட்டார்.

“உப்பளத்துப் பொண்ணு டீச்சர். புதுநன்மை அன்னிக்கி வரிசைலருந்து வெளிய இழுத்து வுட்டீங்களே, அந்தப் பொண்ணு.”

பக்கத்தில் இருந்த மைக் அதைக் கோயில் முழுக்கச் சொல்லிவிட்டது. டீச்சரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்படி எத்தனையோ பேர இழுத்து வுட்டிருக்கேன். நீ எந்த வருஷம்?”

யாரோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். தலைவி கைதட்டியதும் கோயிலே கைதட்டியது. நான் பொன்னாடையைப் போர்த்தினேன். போட்டோவில் டீச்சரம்மா சிரிக்கிறார், நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

கேசரியைத் தொடாமல் வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். அம்மா மெதுவாக நடந்து வந்தாள். அந்தம்மா சொன்னதைக் கேட்டாயா, ஒரு மன்னிப்பு வேண்டாம், ஒரு ஞாபகமாவது இருக்கக் கூடாதா, இந்த அவமானத்துக்குத்தான் என்னை அனுப்பினாயா என்று பொரிந்து தள்ளினேன். அம்மா குனிந்து என் புடவைக் கொசுவத்தை நீவி விட்டாள்.

“அந்தம்மாவ யாருடி பாத்தா? நீ வெள்ள கட்டிக்கினு நடுவால நடந்து போனதப் பாத்தேன். அன்னிக்கிதான் பாக்க வுடலையே.”