உள்ளங்காலில் வைத்த மை

பன்றிக் காய்ச்சல் பரவிய 2009ஆம் வருஷம், தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் என் மகன் எட்டாம் மாசத்திலேயே பிறந்துவிட்டான். ஒன்றரைக் கிலோ. ஆபரேஷன் மேஜையில் கிடந்த எனக்குத் துணியில் சுற்றிய எதையோ ஒரு நொடி காட்டிவிட்டு, குறைமாசக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் வார்டுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். மறுநாள் எனக்குக் காய்ச்சல் வந்தது.

வேறு வருஷமாக இருந்தால் ஒரு மாத்திரையோடு போயிருக்கும். அப்போதோ பஸ்ஸில் ஒருவர் தும்மினால் பக்கத்து சீட் காலியாகிவிடும். காய்ச்சல் விட்டு ஏழு நாள் ஆன பிறகுதான் தாய் உள்ளே வரலாம், அதுவரை தகப்பன் மட்டும், ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டார்கள். பரிசோதனையில் எனக்கு அந்தக் காய்ச்சல் இல்லை என்றுதான் வந்தது. அந்தக் காகிதத்தைக் காட்டிச் சண்டை போட்டுப் பார்த்தேன். யாரும் அசையவில்லை. காய்ச்சல் விட்ட அன்றே அஸ்தினாபுரத்தில் இருந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றில் தையலோடு, கையில் பிள்ளை இல்லாமல் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு வந்து என் வெறும் கையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் கணவருக்குப் பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. நான் எடுத்துக் கொடுக்கும் தாய்ப்பாலை ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து, காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பிள்ளையையும் பார்த்து வருவார். வண்டிச் சத்தம் கேட்டதும் நான் கதவைத் திறந்துகொண்டு நிற்பேன்.

"எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். ஆக்ஸிஜன் தொண்ணூத்தாறு."

"நான் என்ன மீட்டரையா பெத்தேன்? முகம் எப்படிங்க இருக்கு?"

கொஞ்சம் யோசிப்பார். "உன்னை மாதிரி."

"முடி?"

"தலை நிறைய."

பெண் பார்க்க வந்தபோதும் இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டிலிருந்த பஜ்ஜியைத்தான் பார்த்தார். அவரிடம் இதற்கு மேல் என்ன கறக்க முடியும்? ஆனாலும் என்னை மாதிரி முகம், தலை நிறைய முடி, இதை வைத்துக்கொண்டே அடுத்த நாள் காலை வரை ஓட்டிவிடுவேன்.

நான் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவர் சந்தோஷமாக வந்தார். "எடை ஏறியிருக்கு. நல்லா தேறிட்டான்னு எல்லா சிஸ்டரும் வந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க."

கண் பட்டுவிடுமே என்று எனக்குப் பயம். எங்கள் வீட்டில் மைப்பொட்டு வைக்காமல் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தூக்கிப் போகமாட்டார்கள். ஒன்றரைக் கிலோப் பிள்ளையை இத்தனை பேர் வந்து மெச்சினால் தாங்குமா? கன்னத்தில் வைத்தால் தெரிந்துவிடும், உள்ளங்காலில் வைத்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு காகிதத்தில் கொஞ்சம் கண்மையைத் தடவி மடித்து அவரிடம் கொடுத்தேன்.

"வெளியிலேருந்து எதுவும் கொண்டுவரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க," என்றார்.

நான் அழுதேன். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அழுதேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது முகமே சரியில்லை. கையைக் கழுவிக்கொண்டு, சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் இடது உள்ளங்காலில் வைத்திருக்கிறார். அவர் மாடியிலிருந்து இறங்குவதற்குள் கால் கறுத்திருப்பதை ஒரு சிஸ்டர் பார்த்து, ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று பயந்து கத்தியிருக்கிறார். டாக்டர் ஓடி வந்து பஞ்சால் துடைத்துப் பார்த்தால் மை. இவரைத் திரும்பக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள். இனி அம்மா வரும் நாள் வரை யாரும் உள்ளே வர வேண்டாம், பாலை வாட்ச்மேனிடம் கொடுத்தால் போதும் என்று உத்தரவு.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நான்தான் கொஞ்சம் பெருசா வச்சுட்டேன்," என்று மட்டும் சொன்னார். யார் கண்ணும் படக் கூடாது என்று பார்த்தேன், கடைசியில் அப்பன் கண்கூடப் படாமல் போயிற்று. அந்தக் குற்ற உணர்ச்சியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு வாட்ச்மேன் சொல்லி அனுப்புவதுதான் எங்களுக்குச் செய்தி. "கொயந்த நல்லா கீதாம் சார். பாலு பத்தலன்னு கத்துதாம். வூட்ல சொல்லு." அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

எட்டாம் நாள் அதே வாட்ச்மேன் என்னைக் கேட்டைத் தாண்டவிடாமல் கேட்டார். "ஏம்மா, சளி, இருமல் எதுனா கீதா?"

தொண்டை அரித்தது. விழுங்கிக்கொண்டு, "இல்லண்ணா," என்றேன்.

அங்கியும் முகமூடியும் மாட்டி உள்ளே விட்டார்கள். நான்கு பெட்டிகள். பெற்றவளுக்குத் தெரியாதா என்று யாரையும் கேட்கவில்லை. இரண்டாவது பெட்டியில் தலை நிறைய முடி. கண்ணாடியில் கையை வைத்து, "கண்ணா, அம்மா வந்துட்டேன்டா," என்று விக்கி விக்கி அழுதேன்.

"அம்மா, அது பொண்ணு," என்றார் சிஸ்டர். "உங்க பையன் அந்த ஓரத்துல இருக்கான்."

ஓரத்துப் பெட்டியில் புருவம் வரை குல்லாய், மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி. சிஸ்டர் குல்லாயை லேசாகத் தூக்கிக் காட்டினார். எண்ணினால் பத்து முடி தேறாது. என்னை மாதிரியா, அவரை மாதிரியா என்று சொல்ல முகமே தெரியவில்லை. இடது உள்ளங்காலின் ரேகையில் மட்டும் மெல்லிசாக ஒரு கறுப்பு.

"எவ்ளோ தொடச்சும் அந்த மடிப்புல போகவே இல்லம்மா," என்றார் சிஸ்டர். "நாளையிலேருந்து உங்க ரெண்டு பேர்ல தினம் ஒருத்தர் மட்டும் வரலாம். யாரு வந்தாலும் மை மட்டும் வேணாம்."

பெட்டியின் துவாரம் வழியே கையை விட்டு ஒரு விரலால் அந்த இடத்தைத் தொட்டேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

வெளியே அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். "தலை நிறைய முடின்னு சொன்னீங்களே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் அவனைச் சரியா பார்க்கவே இல்லம்மா. அவ்ளோ சின்னதா இருந்தான், பயமா இருந்துச்சு. பத்து நிமிஷமும் மெஷினைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டு வந்துடுவேன்." வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே, "கால்ல அந்த மை இன்னும் இருக்கா?" என்றார்.

"கொஞ்சம் இருக்கு."

"அதை வைக்கும்போதுதான் அவனை முதல் தடவையா தொட்டேன்."

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். "நாளைக்கு நீங்க போங்க," என்றேன்.