எண்ணெய் முள்ளுக்குக் காவல்

மண்ணெண்ணெய்ப் புகையும், சூடேறிய எஞ்சின் எண்ணெயின் வாடையும், புரண்டு கிடக்கும் காய்ந்த மண்ணின் மணமும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இந்த வயதிலும் எனக்கு நெஞ்சு நிமிரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எங்கள் நாஞ்சில் நாட்டு வயல்கள் ஏரையும் மாட்டையும் தவிர வேறெதையும் கண்டிராத நாளில், என் அப்பா உழவுமாடுகளை விற்றுவிட்டு, மலையோரத் தோட்டமொன்றில் ஓடித் தேய்ந்த பழைய டிராக்டர் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார்.

அந்த வண்டியில் எனக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்று காட்டும் சிறு வட்டத்தை, சக்கரத்தின் மேல்தகட்டில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே வரவேண்டும். அதிலுள்ள ‘முள்ளு’ இறங்கினால் கத்தவேண்டும். எண்ணெய் ஏறாமல் ஓடினால் இரும்போடு இரும்பு உரசி எஞ்சின் இறுகிவிடும். பெண்பிள்ளைக்கு இந்த வேலையா என்று ஊர் சிரித்தது. எனக்கோ பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

கன்னிப்பூவுக்கு உழுதுகொண்டிருந்தோம். ‘பூ’ என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு போக விளைச்சல். கால்வாயில் தண்ணீர் விட்டால் வண்டியின் இரும்புச் சக்கரம் சேற்றில் புதையும். அதற்குள் உழுது முடிக்காவிட்டால், மாடும் இல்லாத எங்களுக்கு அந்தப் பூ இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நடுவயலில் முள் சரிந்தது.

“அப்பா, முள்ளு விழுது!”

உடனே எஞ்சினை அணைத்தார். அளவுக் கம்பியை உருவினார், எண்ணெய் குறையவில்லை. விரலில் தேய்த்தார், வண்டி ஓடும் மண்ணெண்ணெய் கலந்து நீர்க்கவுமில்லை. மறுபடி கிளப்பினால் முள் ஒன்றும் அறியாததுபோல் நிமிர்ந்து நிற்கிறது! வரப்பில் நின்ற தங்கையா சித்தப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“அண்ணே, பிள்ளைக்குக் கண்ணு பெசகிட்டு. நீங்க ஓட்டுங்க.”

நாலைந்து சால் போனதும் மீண்டும் சரிந்தது. கத்த வெட்கமாக இருந்தது, இருந்தாலும் கத்தினேன். அப்பா மீண்டும் அணைத்தார்.

“தண்ணி வந்துட்டுன்னா என்ன செய்வீங்க? சின்னப்பிள்ள பேச்சக் கேட்டு வண்டிய நிறுத்துவாவளா?” என்று சித்தப்பா கோபித்தார்.

“எனக்க மவ பாத்தா பாத்ததுதான்,” என்றார் அப்பா.

வட்டத்துக்குப் போகும் செப்புக்குழாயைக் கழற்றி ஊதினார், அடைப்பில்லை. அழுத்தத்தை அடக்கி வைக்கும் வால்வைப் பிரித்தார். அதன் ஸ்பிரிங்கும் உடையவில்லை. “நிறுத்துனா ஏறுது, ஓடுனா விழுது. ஓடும்போ எதுவோ வந்து அடைக்கு, நின்னா வெலகிருது,” என்று முணுமுணுத்தபடி வண்டிக்கடியில் படுத்து எண்ணெய்த் தொட்டியை இறக்கினார். பம்பு எண்ணெயை உறிஞ்சும் வாயிலிருந்த சல்லடையில் பழுப்பு நார் அடையடையாக ஒட்டியிருந்தது. சோறு கொண்டுவந்த அம்மா குனிந்து பார்த்து, “இது பன்னாடை நாருல்லா!” என்றாள்.

பதநீரோ வேறெதுவோ, தென்னை மட்டையடியில் வலைபோல் இருக்கும் பன்னாடையில் அரிக்காமல் பானையில் ஊற்றுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. முந்தின நாள் எண்ணெய் மாற்றியபோது, தூசு போய்விடக் கூடாதென்று அப்பா புது எண்ணெயையும் பன்னாடையில் அரித்து ஊற்றியிருந்தார். தூசு வெளியே நின்றுவிட்டது, நார் உள்ளே போய்விட்டது. இன்னொருவராக இருந்தால் அதை மெல்ல வழித்தெறிந்துவிட்டுத் வண்டியை விற்ற தோட்டத்துக்காரனைத் திட்டியிருப்பார். அப்பா எழுந்து நின்று, வரப்பில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “அரிச்சு ஊத்துனது நாந்தான். வண்டி நல்ல வண்டி,” என்றார்.

சல்லடையைக் கழுவி மாட்டி, எண்ணெயைத் துணியில் வடிகட்டி ஊற்றிக் கிளப்பினோம். முள் பிறகு அசையவே இல்லை. எங்கள் கடைசி வயலை உழுது முடித்த மறுநாள் கால்வாயில் தண்ணீர் வந்தது.

இன்று அந்த வயல்களில் வீடுகள் நிற்கின்றன. டிராக்டர் பழைய இரும்பாகப் போயிற்று; அப்பாவும் சித்தப்பாவும் இல்லை. அதற்குப் பிறகு படித்தேன், வேலை பார்த்தேன், மேடைகளில் மாலையும் வாங்கினேன். ஆனால் அடுத்த பூவுக்குச் சித்தப்பா எங்கள் வாசலில் வந்து நின்று, அப்பாவை விட்டுவிட்டு என்னிடம், “மக்கா, எனக்க வயல உழும்போ நீயும் கூட வரணும் கேட்டியா, நீ இல்லாம வண்டிய எறக்க விடமாட்டேன்,” என்று சொன்னாரே, அதற்குமேல் ஒரு மரியாதை எனக்கு இதுவரை யாரும் செய்ததில்லை.