நாற்பது தடவை முடித்த ஆட்டங்கள்

வீடியோ கேம் ஆடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னால் எங்கள் சிவகாசிப் பக்கம் யாரும் நம்புவதில்லை. ஒரே ஆட்டத்தை நாற்பது தடவை முடித்தால்தான் தருவார்கள் என்று சொன்னால் யாரும் பொறாமைப்படுவதுமில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகம். வெளிநாட்டில் தயாராகும் ஆட்டங்கள் கடைக்கு வருமுன் எங்களிடம் வரும். ஆடிப் பார்த்து, குறைகளை எழுதி அனுப்ப வேண்டும். மெய்ப்புப் பார்ப்பவர்கள், விடைத்தாள் திருத்துபவர்கள், தணிக்கை அதிகாரிகள் என்று பிழை கண்டே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு என் நிலைமை புரியும். ரசிக்கும் பழக்கம்தான் முதலில் போகும். அப்படியும் சமீபத்தில் முடித்தவற்றில் மூன்று ஆட்டங்கள் என்னை விட்டுப் போகவில்லை. மூன்றையும் என் பக்கத்து நாற்காலியில் இருந்த மெர்சியும் ஆடினாள். ஆவடிக்காரி. குறை கண்டுபிடிப்பதில் எங்கள் ஆறு பேரில் அவளை மிஞ்ச ஆளில்லை.

குதிரை

பனிமலையில் கடிதம் கொண்டுபோகும் ஒருவன், அவனுடைய குதிரை. முப்பது மணி நேர ஆட்டம். கடைசிக் கணவாயில் குதிரை செத்துவிடும். அங்கே போய்ச் சேர ஏழு வழிகள் உண்டு. ஏழிலும் போய், ஒவ்வொரு தடவையும் அது சரியான இடத்தில் விழுகிறதா, கண்ணை ஒழுங்காக மூடுகிறதா என்று பார்ப்பது என் வேலை.

முதல் தடவை கன்ட்ரோலரை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய் நின்றேன். மூன்றாவது தடவையிலிருந்து, கணவாய்க்கு முந்தின கிராமத்தில் நிறுத்தி அதைத் தேய்த்துவிட்டு, புல் போட்டு, அப்புறம்தான் கூட்டிப்போனேன். அதற்கு ஆட்டத்தில் ஒரு பயனும் கிடையாது. ஏழாவது முறை அது விழுந்தபோது மெர்சி எட்டிப் பார்த்தாள். "எந்த வழியில போனாலும் சாவுதில்ல? அப்ப பாஸ்னு எழுதிட்டு, கண்ணத் தொடச்சிக்கோ."

தண்ணீர் வரும் வழி

அடுத்தது வெள்ளம். ஆற்றங்கரை வீட்டில் ஒரு சிறுமி தனியாக இருக்கிறாள்; தண்ணீர் ஏற ஏற, மாடி மாடியாகத் தப்பிக்க வேண்டும். தண்ணீரை அவ்வளவு தத்ரூபமாக நான் எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை. மெர்சி மட்டும் முதல் காட்சியிலேயே நிறுத்திவிட்டாள். தண்ணீர் முதலில் வாசல் வழியாக வருவது தவறு என்று அறிக்கை எழுதினாள். இது குறை அல்ல, நாங்கள் வேண்டுமென்றே வைத்தது என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை பேனாவால் ஒரு வீடு வரைந்து, பின்னறையில் அம்புக்குறி போட்டு, படம் எடுத்து அனுப்பினாள்.

இரண்டு வாரம் கழித்துப் புதுப் பதிப்பு வந்தது. வாசல் காய்ந்து கிடக்க, பின்னால் பாத்ரூம் ஓட்டையிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் பொங்கியது. அவள் பார்க்கவில்லை, என்னை ஆடச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவளுக்கு அம்மா இல்லை என்பது வரைக்கும்தான் அதுவரை எனக்குத் தெரியும். "பெருவெள்ளத்தப்போ வாசல்ல மணல் மூட்டை போட்டு, அப்பாவும் நானும் அங்கியே காவல் நின்னுகினு இருந்தோம். அம்மா பின்னாடி ரூம்ல பாயில படுத்துகினு இருந்தாங்க, எழுந்து வர்ற தெம்பு இல்ல."

ஆளுக்கு ஒரு துடுப்பு

மூன்றாவது, இருவர் சேர்ந்து ஆடுவது. ஒரு கிழவன், ஒரு கிழவி, ஒரு படகு. ஆளுக்கு ஒரு துடுப்பு. ஒருவர் நிறுத்தினால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும். பேச்சே கிடையாது. நானும் மெர்சியும் மூன்று வாரம் துடுப்புப் போட்டோம். கரையேறும் கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி.

அன்று காலை எங்கள் தலைவர் செல்வம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு பேர் இருக்கும் இடத்தில் இனி ஒருவர்தான் என்று மேலிடத்து உத்தரவாம். மெர்சியின் அறிக்கைகள் நிறையத் திரும்பி வந்திருக்கின்றன, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அப்படித் திரும்பியவற்றில் அந்த வெள்ளமும் உண்டு, கடைசியில் அவள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. கடனில் வாங்கிய பருத்திப்பட்டு ஃபிளாட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். நான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மெர்சி தன் தண்ணீர் பாட்டிலையும் ஏசி குளிருக்குப் போர்த்தும் சால்வையையும் பையில் வைத்துக்கொண்டு, வரேன் சங்கர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் வேறு குழுவிலிருந்து வந்த ஒருவருடன் கடைசிக் கட்டத்தைப் பதினொரு நிமிடத்தில் முடித்தேன். ஒரு குறையும் தென்படவில்லை. செல்வம் தோளில் தட்டினார். "பாத்தீங்களா, யாரு உக்காந்தாலும் படகு ஓடுது."

கரை

ஆட்டம் கடைக்கு வந்ததும் வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்சி சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து ஆவடிக்குப் போனேன். கரையான்சாவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். உட்கார்ந்து கடைசிக் கட்டத்தை ஆடினோம். ஆரம்பித்த சற்று நேரத்துக்குள், இருவரும் ஒரே சமயத்தில் துடுப்பை விட்டால் அந்த நீரோட்டத்திலும் படகு அசையாமல் நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சிரித்தாள். பிறகு கரையேறினோம். கிழவனும் கிழவியும் மணலில் உட்கார்ந்தார்கள். திரை மெல்ல வெளுத்தது. மெர்சி போனபின் அலுவலகத்தில் நாற்பது தடவை பார்த்துவிட்ட முடிவு அது. அன்றைக்குத்தான் குறை தேடாமல் பார்த்தேன்.

செல்வம் கேட்டபோது உனக்காக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். "தெரியும் சங்கர். அது கண்ணாடி ரூமுதானே, உன்னையேதான் பாத்துகினு இருந்தேன், உன் வாய் அசையவே இல்ல. காப்பி ஆறுது, குடி."

திங்கட்கிழமை அந்தப் படகுக் குறையை மெர்சியின் பெயர் போட்டே எழுதி அனுப்பினேன். வேலையில் இல்லாதவர் கண்ட குறை குறையாகாது என்று திரும்பி வந்துவிட்டது.