தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டவள்

மலேசியாவில், கூலாய்ப் பக்கத்துக் கோல்ஃப் திடலில் நான் கேடியாக இருந்தேன். ஆடுகிறவரின் பையைச் சுமப்பது, பந்து போன இடம் பார்ப்பது, புல் பெயர்ந்த இடத்தில் மணல் போடுவது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான் நான். ஆனாலும் என் தோளில் ஏறிய பையில் வேறு ஒருவர் கை பட விட்டதில்லை.

ஜப்பானில் பனி கொட்டும் மாதங்களில் அங்கிருந்து ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வருவார்கள். அதில் ஒருத்தி ஒவ்வொரு வருஷமும் என்னைத்தான் கேட்பாள். அவர்கள் நாட்டுப் பெண்கள் டூரில் ஆடுகிறவள். டூர் என்றால் ஊர் ஊராய்ப் போய் ஆடும் போட்டிகள். அதில் இடம் போய்விட்டால், வருஷக் கடைசியில் ஒரு தேர்வுப் போட்டி ஆடித்தான் மறுபடி நுழைய வேண்டும். அவளுக்கு இடம் போயிருந்தது.

"ஆன்ட்டி, திஸ் இயர் லாஸ்ட். நோ பாஸ், ஹபிஸ்," என்றாள் ஊருக்குக் கிளம்பும்போது. தோற்றால் எல்லாம் முடிந்தது என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போட்டி வாரத்தில் மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். அவளுக்காக அர்ச்சனை என்றதும் ஐயர் நட்சத்திரம் கேட்டார்.

"ஜப்பான்காரிக்கு நட்சத்திரத்துக்கு எங்க சாமி போறது? அம்மன் பேர்லயே பண்ணிடுங்க," என்றேன்.

போட்டி முடிந்த நாள், என்னோடு வேலை பார்த்த ஒருத்தி கைப்பேசியை நீட்டியபடி ஓடி வந்தாள்.

"அக்கா! ஒங்க ஜப்பான்காரிய பாருங்க லா!"

எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. ஓடுகிற படம் மட்டும்தான் எங்களுக்குப் புரிந்தது. கடைசிக் குழியில் பந்தைப் போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி, வெறும் திடலைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தாள். நிமிர வெகு நேரம் ஆனது.

"சாமி கும்பிடுறா அக்கா. ஜெயிச்சுட்டா!"

"பின்ன? யாரு தூக்குன பை!" என்றேன். கேடிகள் எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் கேசரி கிண்டிக்கொண்டு போய் ஆளுக்கொரு கரண்டி கொடுத்தேன்.

தைப்பூசத்துக்கு முன்னால் அவள் வந்தாள். அன்றும் கேசரி செய்து வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டாள். "யூ வின் லா," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். அதன் பிறகுதான், "ஆன்ட்டி, ஐ லாஸ்ட்," என்றாள்.

அப்புறம் எதற்காகக் கும்பிட்டாய் என்று கேட்டேன். ஆடி முடித்தால் திடலுக்குத் தலை குனிவது அவர்கள் வழக்கமாம். ஜெயித்தவளும் குனிவாள், தோற்றவளும் குனிவாள். இங்கே பயிற்சிக்கு வந்தபோது அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. போட்டிக்கு மட்டும்தானாம்.

அன்று ஒரு சுற்று ஆடினாள். பந்து எங்கே போனாலும் கவலைப்படவில்லை. புல் பெயர்ந்த இடத்துக்கெல்லாம் அவளே மணல் போட்டாள். என் வேலை அது. இருந்தும் விட்டுக் கொடுத்தேன்.

கடைசிக் குழியில் தொப்பியைக் கழற்றிக் குனிந்தாள். நான் பையோடு பின்னால் நின்றேன். இத்தனை கிட்டத்தில் நின்றால்தான் தெரிகிறது, அந்த முதுகு குலுங்குவது. படத்திலும் குலுங்கியிருக்கும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் கைதட்டினோம்.

நானும் என் தொப்பியைக் கழற்றினேன். அவள் நிமிரும்வரை திரும்பப் போடவில்லை.