காசு விழாமல் அடித்த போன்

ஈப்போவில் ஒரு டெலிபோன் ஆபீசில், பில் கட்டும் கவுன்டரில் நான் வேலை பார்த்த காலத்தில், ஜனங்கள் என்னைத் திட்டாத நாள் குறைவு. லைன் செத்துப்போனாலும் நான்தான் காரணம், பில் கூடி வந்தாலும் நான்தான், பக்கத்து வீட்டுக்காரனுக்கு முதலில் போன் கிடைத்துவிட்டாலும் நான்தான். எனக்கும் வாய் சும்மா இருக்காது. வாயைத் திறக்க முடியாத இடத்தில் ரசீதை மெதுவாக எழுதிக் கொடுப்பேன். என் கையில் இருந்த அதிகாரம் அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. கட்டணம் ஏறுகிறது என்பது ஒன்று. தோட்டப்புறங்களுக்கும் லைன் போகப்போகிறது என்பது இன்னொன்று. கவுன்டர் கண்ணாடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியவள் நானே. அதுதான் வினையாகப் போயிற்று. ஏறின காசு எங்கே போகிறது என்று படித்தவர்கள் எல்லாரும் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

காப்பிக்கடைச் சீன முதலாளி, தவுக்கே ஒருவர், மறுபடியும் ஏறிவிட்டதா என்று மலாயில் புலம்பிக்கொண்டே ஈர நோட்டுகளை நீட்டினார். மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்கா ஒருத்தி, "லைன வெட்டிருலா. நான் மாடியில நின்னு கத்துனாப் பாதி ஈப்போவுக்குக் கேக்கும்," என்றாள். ஒரு தையல்காரர் ரசீதை என் கண்ணெதிரிலேயே நான்காகக் கிழித்தார். பிறகு கணக்குக்கு வேண்டும் என்று குனிந்து பொறுக்கிக்கொண்டு போனார். இவர்கள் மேலெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை.

கோபம் வந்தது யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர்மேல். ரயில்வேயில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஆங்கிலத்தில் டைப் அடித்த கடிதம் ஒன்றைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார்.

"பிள்ளை, இதை உம்மட மேலதிகாரியிட்டக் குடும். ரப்பர் காட்டுக்குள்ள கம்பம் நடுறதுக்கு டவுனில இருக்கிற நாங்கள் ஏன் காசு கட்ட வேணும்? அங்க இருக்கிற சனம் ஆரோட கதைக்கப் போகுது?"

அந்தக் காட்டில் பிறந்தவள் நான் என்று அவருக்குத் தெரியாது. காது இரண்டும் சுட்டது. "எங்ககூடப் பேசுவாங்க ஐயா," என்றேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டு மிச்சக் காசை எண்ணிக்கொண்டு போனார். கடிதத்தை நான் அன்று கொடுக்கவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் கொடுத்தேன்.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடு ஒன்றில் தனியாக இருந்தாள். எழுபதுகளில் அப்பா அங்கேதான் செத்தார். தந்தி என் கைக்கு வந்தபோது ஒரு நாள் ஆகியிருந்தது. பஸ் பிடித்துப் போய் இறங்கினால், எரித்துவிட்டுக் குளித்து வந்த ஆட்கள் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்தார்கள். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அம்மா விஷயத்திலும் அப்படி ஆகிவிடக் கூடாது என்ற பயம் அன்றைக்கு என்னைப் பிடித்தது. ஈப்போவுக்கு வந்துவிடும்மா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "என் ஆட்ட யாரு பாத்துக்குவா?" என்பாள். நாலு ஆடு. பெற்ற மகளைவிட அந்த நாலும் அவளுக்கு ஒசத்தி என்று நான் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். "ஆமா, அதுங்க எதிர்த்துப் பேசாது," என்றாள்.

அதனால்தான் அந்தத் தோட்டத்துக்கு லைன் வேண்டும் என்ற மனுவை நானே எழுதினேன். லயம் லயமாகப் போய்க் கைநாட்டு வாங்கினேன். தோட்டத்துக்குப் போகும் சடக்கு ரோட்டு ஓரமாகக் கம்பம் நட ஆரம்பித்த பிறகு, அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, இந்தத் தடவை எது வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்ப்பேன். சுடுகாட்டைத் தாண்டியது, ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. கடைசியில் பஸ் நிற்கிற இடத்தில் இருந்த சாமான் கடையின் வெளிச்சுவரில் காசு போடுகிற போன் ஒன்றை மாட்டினார்கள். மொத்தத் தோட்டத்துக்கும் அது ஒன்றுதான். அதிலிருந்து வெளியே கூப்பிடலாம், வெளியிலிருந்து அதற்குக் கூப்பிட முடியாது. அது போதும் என்று இருந்தது எனக்கு.

இங்கேதான் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். கட்டண உயர்வுக்காக ஊர் என்னைத் திட்டின கதையெல்லாம் அம்மாவிடம் நடித்துக் காட்டியிருந்தேன். தையல்காரர் ரசீதைக் கிழித்ததைக் கேட்டு அம்மா சிரிக்கவில்லை, பயந்துபோனாள். அப்பேர்ப்பட்ட காசா அது என்றாள். "நீ பேசவே வேணாம்மா. காசப் போட்டு நம்பரச் சுத்து. அங்க எங்க வீட்டுல ரெண்டு தரம் அடிச்சதும் வச்சுரு. நான் எடுக்க மாட்டேன். எடுத்தாத்தான் காசு உள்ள விழும். எடுக்கலன்னா உன் பத்து காசு உன் கைக்கே வந்துரும். ரெண்டு தரம் அடிச்சு நின்னா நீ நல்லா இருக்கேன்னு நான் தெரிஞ்சுக்குவேன்."

ஆபீஸ் வேலையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லிக் கொடுக்கலாமா என்று கேட்டால், கவுன்டருக்கு வந்த பாதிப் பேருக்கு இந்த வித்தை என்னைவிட நன்றாகத் தெரியும். விலை ஏறின மாதத்திலிருந்து ஊரே இப்படித்தான் போன் அடித்தது. கமுந்திங் ஃபாக்டரிக்கு வேலைக்குப் போன பெண்கள் போய்ச் சேர்ந்ததை இப்படித்தான் வீட்டுக்குச் சொன்னார்கள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ரப்பர் பால் எடை போட்டுப் போட்டு எண்கள் அத்துப்படி. இரண்டே தடவையில் கற்றுக்கொண்டாள். அப்புறம் நான் ஒன்று சொன்னேன்.

"ஒடம்புக்கு ஏதாச்சும்னா, இதே மாதிரி விட்டு விட்டு மூணு தடவ அடி. நான் ஒடனே கெளம்பி—"

அம்மா என்னை முடிக்கவிடவில்லை. "வாயக் கழுவு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா பேசுற பேச்சப் பாரு. அதுக்கெல்லாம் சொல்லி வைக்கக் கூடாது."

அரிசி தீர்ந்துபோனாலும் தீர்ந்தது என்று சொல்லாத வீடு எங்கள் வீடு. நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்வோம். விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம். போகிறேன் என்று யாரும் வாசல் இறங்கக் கூடாது. அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே நானும், அதற்குமேல் வற்புறுத்தவில்லை. "சரி, அப்ப என்ன பண்ணுவ?" என்றேன். "பேசுவேன்லா," என்று எழுந்து ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டாள். நல்லதற்கு ஓர் அடையாளம் வைத்தோம். கெட்டதற்கு வைக்கவில்லை.

அதன்பிறகு வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை போன் இரண்டு தரம் அடித்து ஓயும். நானும் என் வீட்டுக்காரரும் சாப்பாட்டை நிறுத்திக் கேட்போம். "மாமியார் சௌக்கியம்," என்பார் அவர். எனக்கு அந்த வாரம் நிம்மதியாக ஓடும். யோசித்துப் பார்த்தால் யாழ்ப்பாணத்துப் பெரியவர் கேட்டது ஒரு வகையில் சரிதான். கைநாட்டு வாங்கி, கம்பம் நட்டு, அவ்வளவு பேர் வாயில் விழுந்து கொண்டுபோன லைனில் என் அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை.

அது ஒரு புதன்கிழமை. ஏதோ பொது விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணி வாக்கில் போன் இரண்டு தரம் அடித்து நின்றது. புதன்கிழமையில் என்ன என்று நினைத்தேன். ஈரக் கையைத் துடைப்பதற்குள் மறுபடியும் இரண்டு தரம் அடித்து நின்றது. அம்மாவுக்கு இன்றைக்கு என்ன குஷியோ என்று சிரித்தேன். மூன்றாவது தடவை அடித்தபோது போனுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டேன். கை ரிசீவர்மேல் இருந்தது.

எடுக்கவில்லை. எடுத்தால் அம்மாவின் பத்து காசு விழுந்துவிடும் என்று எடுக்கவில்லை.

மூன்று தடவை என்பது எனக்கு உறைக்காமல் இல்லை. நான் சொல்ல வந்ததும், அம்மா அடக்கியதும் ஞாபகம் வந்தது. அவள்தான் வேண்டாம் என்றாளே, சுத்தி விடுகிறபோது கை தவறியிருக்கும், நிஜமாகவே முடியவில்லை என்றால் விடாமல் அடிப்பாள், பேசுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாலாவது தடவை அடித்தால் எடுத்துவிடுவது என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அடிக்கவில்லை. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை போகத்தானே போகிறோம் என்று துணி துவைக்கப் போய்விட்டேன். துவைத்தேன், சமைத்தேன், மதியம் ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டேன். இதை நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. தூங்கினேன்.

மூன்று மணிக்குப் போன் விடாமல் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் காசு விழுகிற சத்தம் கேட்டது. சாமான் கடைக்காரர் பேசினார். டாக்சி பிடித்துப் போனேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன்.

காரியம் எல்லாம் முடிந்து ஊர் ஜனங்கள் கலைந்த பிறகு, ஆடுகளை என்ன செய்வது என்று கேட்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், என்னைத் தங்கச்சி என்பார். அவரே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு நான் கேட்காமலேயே அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும். ஆனால் கேட்டிருக்காவிட்டால் அதையும் நினைத்துச் செத்திருப்பேன்.

"நெஞ்சப் புடிச்சிக்கிட்டேதான் வந்தாங்க தங்கச்சி. மூணு தடவ அடிச்சி அடிச்சி வச்சாங்க. என்ன பெரியம்மா, பேசலியான்னு கேட்டேன். மகளுக்குத் தெரியும், இப்பக் கெளம்பியிருக்கும்னு சொல்லிட்டு அந்தா அந்த பெஞ்சியில உக்காந்துட்டாங்க."

"நீங்க கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமேண்ணே," என்றேன். ஆத்திரத்தை யார்மேலாவது காட்ட வேண்டியிருந்தது.

"கூப்பிட்டேன் தங்கச்சி, மோட்டார் சைக்கிள வெளிய எடுத்தே வச்சிட்டேன். வேணாம் தம்பி, மக வந்து பாத்து நான் இல்லாட்டி பதறிப்போயிரும்னாங்க. நான் என்ன செய்ய? பஸ்சு வர்றப்பல்லாம் எந்திரிச்சு நின்னு, எறங்குறவங்களப் பாத்தாங்க. மூணு பஸ்சு போச்சு. நாலாவது பஸ்சுக்கு எந்திரிக்கல."